யாரை அழைப்பது, யாரை விடுவது

இலங்கையின் கற்பிட்டிப் பக்கம் கடல்நீர்க் களப்பின் ஓரத்தில் இருந்த ஒரு ஹோட்டலில் சில வருடங்கள் வேலை செய்தேன். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். கனமூலையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், "புள்ள ஹோட்டல்ல என்ன செய்ற?" என்று சந்தேகத்தோடு கேட்டால், உம்மா, "கம்பியூட்டர்ல கடிதம் அனுப்புற வேல" என்று முடித்துவிடுவார். சரியான விளக்கம்தான். வந்து போன விருந்தாளிகளின் மின்னஞ்சல் முகவரிகளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். காலம் பார்த்து அவர்களுக்கு மடல் அனுப்ப வேண்டும். திரும்பவும் வர வைக்க வேண்டும். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். எனக்கோ கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது யுத்தம் முடிந்து வருடங்கள் கடந்திருந்தன. களப்போரம் முழுக்க ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்தன. வெங்காயத் தோட்டங்களின் நடுவால் வெள்ளைக்காரர்கள் கடலில் சறுக்கும் பலகையையும் அதை இழுக்கும் பட்டத்தையும் சுமந்துகொண்டு போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலாளி கொழும்பில் இருந்தார். அங்கே எல்லாவற்றையும் நடத்தியவர் மெனேஜர். இந்தக் கரையிலேயே பிறந்த தமிழ் கத்தோலிக்கர், மீன்பிடிக் குடும்பம். தமிழும் சிங்களமும் அவருக்கு ஒன்றுபோல வரும். என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். என் சான்றிதழை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சி, முதல்ல இந்தக் குப்பையக் கொஞ்சம் பாருங்க."

குப்பைதான். பதிவுப் புத்தகத்தில் விருந்தாளிகள் கிறுக்கிய முகவரிகள், ரிசெப்ஷனில் ஒரு போத்தலுக்குள் சேர்ந்திருந்த விசிட்டிங் கார்டுகள், பயண முகவர்கள் அனுப்பியவை, இணையத்தில் அறை பதிந்தவர்களுடையவை என்று எல்லாம் ஒரே வரிசையில் கொட்டப்பட்டிருந்தன. ஒரே ஆள் நான்கு விதமாக இருந்தார். காஸ் சிலிண்டர் கடைக்காரரும் இருந்தார், ஐஸ் கொம்பனியும் இருந்தது. ஒவ்வொரு மாதமும் ஒரே மடல் அத்தனை பேருக்கும் போகும். அதுவும் ஒருவரின் முகவரி மற்றவருக்குத் தெரிகிற மாதிரி, மேலே அனுமார் வால்போல நீண்டு கிடக்கும். பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் ஜெர்மன்காரருக்குப் பிள்ளைகளின் பிறந்தநாள் பார்ட்டிக்கு விலைக்கழிவு. புத்தளத்தில் இருக்கும் அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆங்கிலத்தில் காற்றின் வேகம். யார் வாசிப்பார்? பாதி மடல்கள் நேரே ஸ்பாம் என்கிற எரிதப் பெட்டிக்குள் விழுந்தன. ஒரு பெண் பதில் எழுதியிருந்தார்: "நான் யாரென்றே தெரியாமல் எனக்கு ஏன் எழுதுகிறீர்கள்?"

காற்று ஓய்ந்து ஹோட்டல் வெறிச்சோடும் மாதங்களில் அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன். முதலில் பிழையான முகவரிகளைத் திருத்தினேன், இரட்டித்தவற்றை ஒன்றாக்கினேன். பிறகு பிரிக்கத் தொடங்கினேன். ஆரம்பத்தில் நாடு பார்த்துப் பிரித்தேன். அது உதவவில்லை. ஒரே நாட்டிலிருந்து ஒருவர் காற்றுக்காக வருகிறார், இன்னொருவர் தூங்க வருகிறார். ஆகவே, எதற்காக வந்தார், எப்போது வந்தார் என்று பார்த்துப் பிரித்தேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக்காக வருகிறவர்கள் ஒரு பக்கம். கடல் அமர்ந்திருக்கும் மாதங்களில் டொல்பின் பார்க்க வருகிறவர்கள் இன்னொரு பக்கம். காலையில் வந்து பின்னேரம் போகும் உள்ளூர்க் குடும்பங்கள், பாடசாலை, அலுவலகச் சுற்றுலாக்காரர்கள், கலியாண மண்டபம் விசாரித்தவர்கள் என்று தனித்தனியாக வைத்தேன். நெடுநாளாக எந்த மடலையும் திறக்காதவர்களுக்கு, "இன்னும் எழுதட்டுமா?" என்று மட்டும் கேட்டு ஒன்று அனுப்பினேன். பதில் சொல்லாதவர்களை மரியாதையாக நீக்கினேன். உள்ளூர் ஆக்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன். தமிழில் மடல் போன முதல் தடவை, சும்மா சந்தோஷத்தில் மட்டும் பதில் எழுதியவர்களும் உண்டு.

சாப்பாட்டுக்கும் ஒரு கட்டம் போட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. புத்தளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். பிள்ளைகள் பசியில் இருக்கிறார்கள், மனைவி மேசையில் எதையும் தொடாமல் இருக்கிறார், கணவன் சமையலறை வாசலில் நின்று கோழி எங்கே வாங்கியது என்று மெதுவாகக் கேட்கிறார். கேட்க வெட்கம், கேட்காமல் சாப்பிடவும் முடியாது. அன்றிலிருந்து, பதியும்போதே கேட்டு எழுதத் தொடங்கினேன்: ஹலால், மரக்கறி மட்டும், மாட்டிறைச்சி வேண்டாம், பிள்ளைகளுக்கு உறைப்பு இல்லாமல். மடல் அனுப்பும்போது அதைப் பார்த்து, "உங்களுக்கு ஏற்ற சாப்பாடு தயாராக இருக்கும், கேட்கத் தேவையில்லை" என்று ஒரு வரி சேர்ப்பேன். எத்தனை பேர் அந்த ஒரு வரிக்காகத் திரும்ப வந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்படித் திரும்பத் திரும்ப வந்தவர்களில் ஒருவர் சிலாபத்து டீச்சர். அவரும் கத்தோலிக்கர்தான். புத்தளம் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிப்பித்தார். வருடத்துக்கொரு முறை ஆசிரியர் குழுவைக் கூட்டிக்கொண்டு வருவது அவர் பொறுப்பு. அவருடைய பாடசாலையில் முக்கால்வாசிப் பேர் முஸ்லிம் ஆசிரியர்கள். முதல் தடவை நான் சாப்பாடு பற்றிக் கேட்டபோது, "எல்லாருக்கும் ஹலாலே போடுங்க மகள். எங்களுக்கு ஒரே சட்டிதான். ரெண்டு சட்டி வெச்சா ரெண்டு மேசையாகிப் போகும்" என்றார். அவருடைய பெயருக்கு நேரே அப்படியே எழுதினேன்.

பிறகு 2019 இன் அந்த ஏப்ரல் வந்தது.

உயிர்த்த ஞாயிறு காலையில், எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட சிலர் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடிக்க வைத்ததை எல்லோரும் அறிவார்கள். எங்கள் மெனேஜருடைய மனைவி வழியில் நெருங்கிய ஒருவர் நீர்கொழும்பில் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போக வேண்டும் என்று எனக்கு இருந்தது. மெனேஜருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "இப்ப வராதீங்க தங்கச்சி" என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, என் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னாரா என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இரண்டுமாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கும் அந்த மாதங்கள் லேசானவை அல்ல. பாலாவிச் சந்தியில் பஸ் மாறும்போது தலையை மூடியிருந்த என் முந்தானையைப் பார்த்து ஆக்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஒரு சோதனையில் என் சோற்றுப் பார்சலை விரித்துக் காட்டச் சொன்னார்கள். தெருவோரத்தில், பஸ் நிறைய ஆக்கள் பார்த்திருக்க, வாழையிலையை விரித்து, சோற்றையும் பருப்பையும் முட்டைப் பொரியலையும் காட்டினேன். அதற்குப் பிறகு அதை என்னால் சாப்பிட முடியவில்லை. வாப்பாவிடம் சொன்னபோது, "பொறுத்துக்க மகள், நேரம் சரியில்ல" என்றார். யாரோ செய்த பாவத்துக்கு எங்களிடம்தான் எப்போதும் பொறுமை கேட்கிறார்கள். அதுவும் எங்கள் ஆக்களே கேட்கிறார்கள்.

ஹோட்டல் காலியானது. சோளகம் வீசியும் வெளிநாட்டுக்காரர் வரவில்லை. பட்டங்கள் சுருட்டி அறைக்குள் கிடந்தன. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியிருந்த எங்களுக்கு, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறைக்கு உள்ளூர்க் குடும்பங்களையாவது கொண்டுவந்தால்தான் கதவு திறந்திருக்கும் என்று தெரிந்தது. அந்த நேரத்தில் என் பட்டியல்தான் ஹோட்டலின் ஒரே நம்பிக்கையாக இருந்தது. எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

விடுமுறைக்கு முன்னால் முதலாளி கொழும்பிலிருந்து வந்தார். சாப்பாட்டு மண்டபத்தில், காலியான மேசைகளுக்கு நடுவே, அவரும் மெனேஜரும் நானும் உட்கார்ந்தோம். அவர் சிங்களத்தில்தான் எங்களோடு கதைப்பார். நல்ல மனிதர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். குரலை உயர்த்த மாட்டார். வேலைக்காரர்களின் வீட்டு நிலைமையைக் கேட்பார்.

நான் திரையில் உள்ளூர்ப் பிரிவைக் காட்டினேன். குடும்பங்கள் இவ்வளவு, பாடசாலைகள் இவ்வளவு, யாருக்கு எந்த மொழியில் போகும் என்றெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல வேலை மிஸ். ஒரேயொரு விஷயம். இந்தத் தடவை முஸ்லிம் குடும்பங்களுக்கு அனுப்ப வேண்டாம். கொஞ்ச மாதத்துக்கு மட்டும்."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று மெனேஜரைப் பார்த்தேன். அவர் மேசை விரிப்பில் இருந்த ஒரு மடிப்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சேர்?"

"மற்ற விருந்தாளிகள் பயப்படுகிறார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, உங்களுக்குத் தெரியும். எனக்கு எவ்வளவோ முஸ்லிம் நண்பர்கள். இது வியாபாரம் மட்டும்."

"ஆக்களை எப்படிப் பிரிக்கிறது? பட்டியல்ல நான் மதம் எழுதி வெக்கல்லயே."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எட்டித் திரையைத் தொட்டு, "இதோ, நீங்களே பிரித்து வைத்திருக்கிறீர்களே" என்றார். "ஹலால் என்று போட்டவர்களை எடுத்துவிட்டால் முக்கால்வாசி முடிந்தது. மிச்சத்தைப் பெயரைப் பார்த்து எடுக்கலாம். ஒரு மணித்தியால வேலை."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சமையலறை வாசலில் வெட்கப்பட்டு நின்ற அந்த மனிதருக்காக நான் போட்ட கட்டம் அது. இனி யாரும் அப்படி நிற்கத் தேவையில்லை என்பதற்காக ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு நிரப்பியது. எங்களை நம்பித்தான் அவர்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லையே பிடித்து அவர்களை வெளியே தள்ளச் சொல்கிறார், அதையும் என் கையாலேயே செய்யச் சொல்கிறார்.

"சேர், அது சாப்பாட்டுக்குப் போட்ட குறிப்பு."

"இருக்கட்டும். இப்ப இதற்கும் உதவுகிறதே."

"வெளிநாட்டுப் பட்டியல்லயும் முஸ்லிம் பேர்கள் இரிக்கி சேர். பிரான்ஸ்ல இருந்து வருசா வருசம் வாற ஆளுடைய பேர் என்ட கூடப்பொறந்த நானாட பேர்தான். அவரையும் எடுக்கிறதா?"

"இல்லை, இல்லை. வெளிநாட்டு ஆக்களில் கை வைக்க வேண்டாம்" என்றார் அவசரமாக.

அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயம் என்று சொன்னாரே, அது எங்கே போனது? யூரோ வைத்திருக்கும் பெயருக்குப் பயமில்லை. மதுரங்குளியிலிருந்து மூன்று பிள்ளைகளோடு வேனில் வந்து, ஒரு நேரச் சாப்பாடு சாப்பிட்டு, களப்பில் கால் நனைத்துவிட்டுப் போகிற பெயருக்குத்தான் பயம்.

"பரிசோதனைக்கு முதல் மடல் எனக்குத்தான் வரும் சேர். பட்டியல்ல முதல் பேர் என்ட பேர்தான். அதையும் எடுக்கவா?"

"சே, நீங்கள் எங்கட ஆள்தானே" என்றார் முதலாளி. அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொன்னார்: "எங்கட ஆள்." மெனேஜரும் ஓம் என்பதுபோலத் தலையை அசைத்தார்.

என் வாழ்நாளில் யாரும் இதைவிட மோசமாக என்னைத் திட்டியதில்லை. என் உம்மா வாப்பா வேண்டாம், உடன்பிறந்த ராத்தாவின் பிள்ளைகள் வேண்டாம், நான் மட்டும் வேண்டுமாம். ஏனென்றால் மடல் எழுத ஆள் தேவை.

"நான் இதச் செய்ய மாட்டன் சேர்" என்றேன். குரல் நடுங்கியது. அழுகிறேன் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுந்து போனேன்.

அடுத்த நாள் காலையில் மெனேஜர் என் மேசைக்கு வந்தார்.

"எழும்புங்க தங்கச்சி. நான் செய்றன்."

"சேர், நீங்களுமா?"

"ஹோட்டல் மூடினா எல்லாருக்கும் வேல போகும். உங்களுக்கும்தான்." குரலைத் தாழ்த்தி, "வீட்ட அவ இன்னும் சரியா சாப்பிடுறதில்ல. பள்ளிவாசல் மைக் சத்தம் கேட்டா நடுங்குறா. நான் என்ன செய்ய?" என்றார்.

அவருடைய வீட்டுத் துக்கம் பொய்யில்லை. அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்காக, கனமூலையில் இருக்கும் ஒரு குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு வரக் கூடாது என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? எழுந்து கதிரையை விட்டேன். பட்டியலை வடிகட்டுவது எப்படி என்று போன வருடம் அவருக்குக் காட்டிக் கொடுத்தவளே நான்தான். அவர் ஹலால் கட்டத்தை அமத்தினார். திரையில் பெயர்கள் மளமளவென்று மறைந்தன. பிறகு மிஞ்சியவற்றை மேலிருந்து கீழாகப் பார்த்து, பெயர் பெயராக எடுத்தார். ஒவ்வொரு பெயரிலும் விரல் ஒரு கணம் நின்றது. நான் யன்னலருகே நின்று களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடலின் வாசகம் கொழும்பிலிருந்து வந்திருந்தது. "நிம்மதியான, பாதுகாப்பான குடும்பச் சூழல்" என்று இருந்தது. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் விளங்கும்.

அந்த மடலால் ஆக்கள் வந்தார்கள் என்பதை மறைக்கப்போவதில்லை. நிறையப் பேர் வந்தார்கள். முதலாளி போனில் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைக் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் எரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு திரீவீல் வந்து நின்றது. சிலாபத்து டீச்சர் இறங்கினார். அவரோடு இன்னொருவரும் இறங்கினார். கறுப்பு ஹபாயா, கையில் ஒரு பை. அவர்களுடைய பாடசாலையின் உப அதிபர் என்று டீச்சர் அறிமுகப்படுத்தினார். நான் ரிசெப்ஷனில் மெனேஜருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"மெனேஜர், ஒரு விஷயம் விளங்கல்ல. கேட்டுட்டுப் போகலாமெண்டு வந்தம்" என்றார் டீச்சர். "வருசா வருசம் எனக்குத்தான் மடல் வரும். இந்த முறை எனக்கு வரல்ல. மேடத்துக்கு வந்திரிக்கி."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. டீச்சர் எல்லாருக்கும் ஒரே சட்டி என்று சொன்னதால் அவருடைய பெயருக்கு நேரே ஹலால் இருந்தது. வடிகட்டியதில் அவர் போய்விட்டார். உப அதிபர் ஒரு தடவை விலை விசாரித்ததோடு சரி, சாப்பாட்டுக் குறிப்பு இல்லை. அவருடைய முகவரி பாடசாலைப் பெயரில் இருந்ததால் ஆளும் தெரியவில்லை. அவர் மிஞ்சிவிட்டார்.

"சிஸ்டத்தில ஏதோ பிழை போல டீச்சர்" என்றார் மெனேஜர்.

"சரி, மடல் வந்ததால மேடம் கோல் எடுத்து அறை கேட்டிரிக்கிறா. பேரச் சொன்னதும் இடமில்ல எண்டுட்டீங்க. அடுத்த நாள் நான் எடுத்து அதே திகதியக் கேட்டன். 'வாங்க டீச்சர், தாராளமா இடமிரிக்கி' எண்டீங்க. நீங்கதானே கதைச்சது? உங்கட குரல் எனக்குத் தெரியாதா?"

மெனேஜரின் முகம் சிவந்தது. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இந்தப் பிள்ளதான் லிஸ்ட் பிரிக்கிறது டீச்சர். பிரிச்சதில எங்கயோ பிழ விட்டிரிக்கி. புதுசா ஒரு முறை செய்யப் போய்..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. "நான் பிழ விடல்ல" என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "டீச்சர், முஸ்லிம் ஆக்களுக்கு அனுப்ப வேணாமெண்டு மேல இருந்து சொன்னாங்க. நான் மாட்டன் எண்டு சொல்லிட்டன். ஹலால் எண்டு இருந்த எல்லாரையும் எடுத்தாங்க. நீங்க எல்லாருக்கும் ஹலால் கேட்டதால உங்கடயும் போயிட்டு. மேடத்துக்குப் போனதுதான் அவங்களுக்குப் பிழை."

சமையல்காரர்கூட வெளியே வந்து நின்றார். டீச்சர் மெனேஜரையே பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒரே கரை, ஒரே கோயில் ஆக்கள். ஒருவரின் துக்கம் மற்றவருக்குத் தெரியும்.

"நானும் அந்த ஞாயித்துக்கிழமையால அடக்கம் பார்த்தவள்தான்" என்றார் டீச்சர், தமிழில் தொடங்கிச் சிங்களத்துக்கு மாறி, பிறகு திரும்பத் தமிழுக்கு வந்து. "எங்கட செத்த வீட்டுக்குச் சோறு ஆக்கிக்கொண்டு வந்தது இவவும் இவட புருஷனும். வாசல்ல ஆமி நிண்டு சட்டி சட்டியா திறந்து பார்த்தது. அப்பவும் திரும்பிப் போகல்ல. இவவ வேணாமெண்டா, என்னைய ஏன் வரச் சொல்றீங்க?"

உப அதிபர் பையைக் கை மாற்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"மகள், இந்த லிஸ்ட்ல இருந்து பேர எடுக்க என்ன செய்யணும்?"

"மடலுக்குக் கீழ ஒரு இடம் இரிக்கி மேடம். அத அமத்தினா சரி."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நீங்களே எடுத்து விடுங்க. இவங்க எடுக்கிறதுக்கு முந்தி, நானே எடுக்கச் சொன்னதா இரிக்கட்டும்."

அவர் முன்னாலேயே எடுத்தேன். இரண்டு தடவை பிழையாக அமத்தினேன். டீச்சர் தன்னுடையதையும் எடுக்கச் சொன்னார். ஆசிரியர் சுற்றுலாவையும் ரத்துச் செய்தார். மெனேஜர் அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அவர்கள் குடிக்காமல் போனார்கள்.

பின்னேரம் முதலாளி போன் எடுத்தார். கோபப்படவில்லை. அந்த மெல்லிய குரலிலேயே, "தொழில்நுட்பப் பிழை" என்று ஒரு மன்னிப்பு மடல் எழுதி, என் பெயரில் கையெழுத்து வைத்து, டீச்சருக்கும் உப அதிபருக்கும் அனுப்பச் சொன்னார். முஸ்லிம் பெயரில் போனால் பார்க்கிறவர்களுக்கு நல்லதாம். நான் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

போவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். சாப்பாட்டுக் குறிப்புகளை அச்செடுத்துச் சமையல்காரரிடம் கொடுத்தேன். பிறகு மடல் பட்டியலிலிருந்து அந்தக் கட்டத்தை முழுவதுமாக அழித்தேன். மெனேஜர் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. தடுப்பார் என்று நினைத்தேன்.

"நான் ஒண்டும் பார்க்கல்ல" என்றுவிட்டு அவர் வெளியே போனார்.

வீட்டில் வாப்பா ஏசினார். "உண்மையச் சொன்னது சரி. வேலைய விட்டது எதுக்கு? அவனுகளுக்கு இன்னொரு ஆள் கிடைக்கும், உனக்கு யார் வேல தருவா?" என்றார். உம்மா சோறு போட்டார். வாப்பா சொன்னதில் பிழை இல்லை. நெடுநாள் வேலை கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வுகளில் என்னைவிட என் முந்தானையைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

அடுத்த வருடம் கொரோனா வந்து அந்த ஹோட்டல் மூடியது. பிறகு கை மாறியது. அது தண்டனை என்று நான் நினைக்கவில்லை. நல்லவர்களின் கடைகளும் அப்போது மூடின. முதலாளி இப்போது வேறெங்கோ வேறு வியாபாரம் செய்கிறாராம். யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்கவும் போவதில்லை.

மெனேஜரை ஒருமுறை மதுரங்குளியில் ஒரு மருந்துக் கடையில் கண்டேன். மெலிந்திருந்தார். மனைவி இப்போது கொஞ்சம் சுகம் என்றார். நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். விடைபெறும்போது, "அந்த நாள்களில எங்கட மனநில அப்படி. மறந்திடுங்க தங்கச்சி" என்றார்.

"அந்த மடல அனுப்பினதக்கூட மன்னிப்பன் சேர்" என்றேன். "டீச்சருக்கு முன்னால எல்லாத்தையும் என்ட தலையில போட்டீங்களே, அதத்தான் மறக்க ஏலாது."

அவர் மருந்துப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஓமையாவது சொன்னாரே என்று இருந்தது.

இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். டொல்பின் பார்க்க ஆக்களைக் கூட்டிப் போகும் படகுக்காரர்கள், சின்ன விடுதிகள், கருவாடு பொதிசெய்து விற்கும் ஒரு பெண்கள் சங்கம் என்று கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டியல்களை ஒழுங்குபடுத்தி மடல் எழுதிக் கொடுக்கிறேன்.

போன மாதம் புது விடுதி திறக்கும் ஒருவர் போன் எடுத்தார். எங்கள் ஆள்தான். குடிவகை இல்லை, பெண்கள் குளிக்கத் தனி நேரம், தொழுகைக்கு ஓர் அறை என்று எல்லாம் நன்றாகச் செய்திருந்தார். சந்தோஷமாகக் கேட்டேன்.

"அப்ப தங்கச்சி, லிஸ்ட்ல நம்மட ஆக்களுக்கு மட்டும் அனுப்புங்க. மத்த ஆக்கள் நமக்கு வேணாம்."

"நானா, உங்ககிட்ட இரிக்கிறத நான் தெளிவா எழுதுறன். குடி இல்ல, பெண்களுக்குத் தனி நேரம். அது புடிச்ச ஆக்கள் யாராயிருந்தாலும் வருவாங்க. ஆனா பேர் பார்த்து நான் பிரிக்க மாட்டன்."

"நம்மளுக்கு அவனுகள் செஞ்சது மறந்து போச்சா உங்களுக்கு?"

"மறக்கல்ல நானா. அதாலதான் சொல்றன்."

அவர் சத்தம் போட்டார். படித்த திமிர் என்றார். எங்கள் ஆக்களுக்கு எங்கள் ஆக்களே எதிரி என்றார். நானும் விடவில்லை. எனக்கும் சத்தம் போடத் தெரியும். உம்மா அறை வாசலுக்கு வந்து என்னவென்று கையால் கேட்டார். கடைசியில் அவர், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வைத்தார்.

பார்க்கட்டும். ஆள் கிடைக்கும், அது எனக்குத் தெரியும். அதுதான் எரிகிறது.